சிவப்பு மூடியில் ஒன்று குறைகிறது

அத்தியாயம் 5

அரைக்கேஸ் நுழைந்தபோது கூட்ட அறையில் இருந்தவர்கள்:

செயலர். தலைநகரத்திலிருந்து வந்தவர். ஆன்டிபயாடிக் மருந்தை மனிதனுக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் யார், எப்போது, எவ்வளவு கொடுக்கலாம் என்று சொல்லும் தேசியக் கொள்கையை எழுதியவர். தொண்டை கட்டியிருந்தது.

பெரிய டாக்டர். ஆஸ்பத்திரியின் தலைமை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அம்மா. துடைத்துக்கொண்டே இருந்தார்.

மாட்டு டாக்டர். முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கால்நடை மருத்துவமனைக்கு இருக்கிற ஒரே டாக்டர். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாவியக்கா. மருந்துக் கிடங்கின் பொறுப்பாளர். அழுது முடித்திருந்தார்.

பண்ணையம்மா. கோழிப்பண்ணைக்காரர். விவசாயிகள் சார்பில் ஒருவர் வேண்டும் என்று கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். இப்போது குற்றவாளியின் சார்பிலும் அவரே.

அண்ணி. துப்பறிபவனின் உதவியாளர்.

அரைக்கேஸ். துப்பறிபவன். பலகையில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

இதை ஒரு பிஸ்கட் உறையின் பின்பக்கம் எழுதி முடித்தவுடன் அரைக்கேஸுக்கு ஒரு தும்மல் வந்தது. மை ஈரமாக இருந்ததால் ‘குற்றவாளி’ அழிந்துபோனது.

“பாத்தீங்களா தம்பி, கேஸ் ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள குற்றவாளியைக் காணோம்,” என்றாள் அண்ணி.

அவனுக்கு அந்தப் பெயர் வந்ததற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. எடுத்த எதையும் அவன் பாதியில் விட்டுவிடுவான். படிப்பைப் பாதியில் விட்டான். ஒரு மருந்துக் கம்பெனியின் கிடங்கில் இரவுக் காவல் வேலை பார்த்தவன், ஷிப்ட் முடியும் வரைக்கும்கூடப் பொறுக்காமல் டார்ச்சோடு நடந்து வீட்டுக்கு வந்துவிட்டான். அந்த டார்ச்தான் இன்றைக்கு அவனுடைய தொழில் கருவி. கேஸ்களிலும் பாதியை அவன் கண்டுபிடிப்பான்; மீதியைக் கேஸ் கொடுத்தவர்கள் எரிச்சல் தாங்காமல் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். அண்ணன் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது, “இவனைக் கொஞ்சம் பாத்துக்கோ,” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். அண்ணி பார்த்துக்கொள்கிறாள். சும்மா பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பதில் கூடவே துப்பறியலாம் என்று அவளும் வந்துவிட்டாள்.

இன்றைக்கு இங்கே வந்ததும் அவளால்தான். சாவியக்காவும் அவளும் பள்ளித் தோழிகள். “நல்ல துப்பறியற ஆள் யாராவது இருந்தா கூட்டிட்டு வா,” என்று சாவியக்கா போனில் அழுதார். “நல்ல ஆள் கிடைக்க நாளாகும், இருக்கிற ஆளைக் கூட்டிட்டு வர்றேன்,” என்று அண்ணி ஸ்கூட்டரை எடுத்தாள்.

“உட்காருங்கம்மா,” என்றார் செயலர் அண்ணியிடம். ஓட்டைத் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி இருந்தது குரல். முதுகில் வெள்ளைத் துண்டு போர்த்திய தன்னுடைய சுழல் நாற்காலியையே அவள் பக்கம் தள்ளிவிட்டார். அண்ணி உட்கார்ந்து ஒருமுறை சுழன்று பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“என்ன நடந்துச்சுன்னு முதல்லேர்ந்து சொல்லுங்க,” என்றான் அரைக்கேஸ்.

சாவியக்கா சொன்னார். மேசை மேல் ஒரு சின்ன இரும்புப் பெட்டி இருந்தது. இரண்டு பூட்டு. ஒரு சாவி அவரிடம், ஒன்று பெரிய டாக்டரிடம். உள்ளே சிவப்பு மூடி போட்ட பத்துக் குப்பிகள் இருக்க வேண்டும். புதுக் கொள்கை இந்த மாவட்டத்தில்தான் முதலில் சோதனை ஓட்டமாக அமலுக்கு வந்திருக்கிறது. ரெட்டைப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் திறந்து காட்டினார்கள். அந்த நேரம் பார்த்து டீ வந்துவிட்டது. எல்லோரும் வெளியே போனார்கள். திரும்பி வந்தபோது குப்பிகள் ஒன்பது.

“ரெண்டு பூட்டுப் போட்ட பெட்டியைத் திறந்து வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டீங்க,” என்றாள் அண்ணி.

“பிஸ்கட்டும் இருந்துச்சு,” என்றார் சாவியக்கா பரிதாபமாக.

பெரிய டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “சிரிக்கிற விஷயம் இல்லைங்க. மத்த மருந்தெல்லாம் தோத்த பிறகு நாங்க எடுக்கிறது இந்தச் சிவப்பு மூடி. கண்டபடி போட்டா கிருமி இதுக்கும் பழகிடும். கோழிக்குக் கொடுத்தா, பழகின கிருமி கோழியோட நிக்காது. பண்ணை ஆள் கைக்கு வரும், தண்ணிக்கு வரும், என் வார்டுக்கு வரும். அப்புறம் நோயாளி கையைப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துல உட்காரலாம். வேற எதுவும் செய்ய முடியாது.”

“டீ நேரத்துல அறையில இருந்தது இந்தம்மா மட்டும்தான்,” என்றார் செயலர். “இவங்க கோழிக்கு ஒரு மாசமா சளி. பால்கனியிலேர்ந்து கீழே யார்கிட்டயாவது போட்டு ஷெட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. கொள்கை தெளிவா இருக்கு. மருந்து உள்ள போன உயிரைத் தனிமையில வைக்கணும். அத்தனை கோழியைத் தனித்தனியா வைக்க இடம் கிடையாது. அதனால அழிக்கணும். உத்தரவுல கையெழுத்துப் போட்டாச்சு.”

பண்ணையம்மா ஐம்பது வயதுக்காரர். நல்ல சேலை கட்டி வந்திருந்தார். கூட்டத்துக்கென்று எடுத்து உடுத்தியது தெரிந்தது. “டீ அதிகாரிங்களுக்குத்தான்னு நெனச்சு நான் போகல தம்பி,” என்றார். “பால்கனியில நின்னு, ஷெட்டுல தண்ணி ஊத்தியாச்சான்னு போன்ல கேட்டுட்டு இருந்தேன். முதுகு அறைப் பக்கம் இருந்துச்சு. யார் வந்தா, யார் போனா, ஒண்ணும் பாக்கல.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “கீழே வேன் நிக்குது. அந்த ஆளுங்க டீ குடிச்சு முடிச்சதும் என் ஷெட்டுக்குக் கிளம்பிடுவாங்க.”

அவர் அழவில்லை. அதுதான் அரைக்கேஸை உறுத்தியது. அழுகிறவர்களிடமிருந்து நழுவிப் போக அவனுக்குத் தெரியும்.

பைகளை எல்லாம் ஏற்கெனவே கொட்டிப் பார்த்துவிட்டார்கள். குப்பைத்தொட்டி, திரைச்சீலை, பூத்தொட்டி எல்லாம் பார்த்தாயிற்று. அரைக்கேஸ் துப்பறிகிற முகத்தோடு அறையை ஒரு சுற்று வந்தான். அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எதுவும் தோன்றாதபோது வழக்கமாகச் செய்வதைச் செய்தான்: மூக்கை உறிஞ்சி, சட்டைப்பையிலிருந்து ஒரு கசங்கிய மாத்திரைப் பட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கினான்.

“அது என்ன?” என்றார் பெரிய டாக்டர்.

“சளிக்கு.”

பெரிய டாக்டர் அவன் கையிலிருந்த பட்டையைத் திருப்பிப் பார்த்தார். “இது ஆன்டிபயாடிக். யார் எழுதிக் கொடுத்தா?”

“பல் டாக்டர்.”

“சளிக்குப் பல் டாக்டரா?”

“இல்ல, போன வருஷம் பல்லு வலிச்சப்ப கொடுத்தது. அஞ்சு நாள் போடச் சொன்னாரு. ஒரு நாள்லயே வலி போயிடுச்சு. மிச்சத்தைக் காதுவலி வந்தா போடலாம்னு வச்சிருந்தேன். காதுவலி வரல. வீணாப் போகுதேன்னு சளிக்குப் போடறேன்.”

மாட்டு டாக்டர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார், வியப்போடு. செயலரும் பார்த்தார்.

“சளிக்கு இது வேலையே செய்யாது,” என்றார் பெரிய டாக்டர். ஒவ்வொரு சொல்லையும் பல்லைக் கடித்துச் சொன்னார். “தினமும் எத்தனை போடறீங்க?”

“தினமும் எல்லாம் இல்லைங்க. ஒண்ணே ஒண்ணுதான். ஒண்ணு போட்டாலே ஒரு தெம்பு…”

மாத்திரை பாதி வழியில் நின்றது. வாய் திறந்தபடியே இருந்தது.

“என்ன தம்பி, தொண்டையில மாட்டிக்கிச்சா?” என்றாள் அண்ணி.

“டாக்டரம்மா, ஒரு நோயாளிக்குச் சிவப்பு மூடி எத்தனை வேணும்?”

“இந்தப் பெட்டி பூரா வேணும். சில பேருக்கு அதுவும் பத்தாது.”

“பண்ணையம்மா, உங்க ஷெட்டுக்கு?”

“தண்ணித் தொட்டியில கலக்கணும்னா வாளி வாளியா வேணும். இந்தத் தம்மாத்தூண்டு குப்பியை வச்சு ஒரு வரிசைக் கோழிக்குக்கூடக் காட்ட முடியாது.”

“அப்ப திறந்து கிடந்த பெட்டியில பத்து இருக்கும்போது, ஒண்ணே ஒண்ணு எடுத்தது யாரு?”

அண்ணிதான் பதில் சொன்னாள். “ஒண்ணு போட்டாப் போதும்னு நெனக்கிற அரைவேக்காடு. உங்களை மாதிரி ஒருத்தன்.”

அரைக்கேஸ் அவளை நன்றியோடு பார்த்தான். இத்தனை கேஸில் அவனுடைய முட்டாள்தனம் இவ்வளவு நேரடியாகக் கைகொடுத்தது இதுதான் முதல் தடவை. எடுத்தவன் புத்திசாலியாக இருந்திருந்தால் அவனால் யோசித்தே பார்த்திருக்க முடியாது.

“தத்துவம் போதும்,” என்று கரகரத்தார் செயலர். ஜன்னல் திட்டில் வைத்திருந்த வெந்நீரை எடுத்து ஒரு மிடறு குடித்தார். “நாளைக்கு நாடாளுமன்றத்துல இந்தக் கொள்கையை நான் வாசிக்கணும். ராத்திரிக்குள்ள தலைநகரம் போகணும். சீக்கிரம் முடிங்க.”

“அந்தக் குப்பியில இருக்கிறது தூள்தானே, சாவியக்கா?”

“தூள்தான். சுத்தமான தண்ணியில கரைச்சு ஊசியில ஏத்தணும்.”

“ஊசி எங்க கிடைக்கும்?”

“என் பக்கத்து ஊசி எல்லாம் பூட்டிக் கிடக்கு. சாவி இடுப்புல.” சாவியக்கா இடுப்பைத் தட்டிக் காட்டினார். கொத்தாகச் சத்தம் கேட்டது.

மாட்டு டாக்டர் மெதுவாக எழுந்தார். “நானும் உங்க கூட வர்றேன்,” என்றார். அவரை யாரும் கூப்பிடவே இல்லை.

முற்றத்தில் வேன் நின்றது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்புப் போட்ட நாலு பேர் தலைமூடியைப் பின்னால் தள்ளிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கடைசி வாய்க்காகக் கோப்பையை அண்ணாந்தார்.

“மெதுவாக் குடிங்கப்பா, சூடா இருக்கும்,” என்றாள் அண்ணி.

“ஆறிப்போச்சுக்கா.”

“ஆறின டீயைக் குடிச்சா வயித்துக்கு ஆகாது. இன்னொரு ரவுண்டு சூடாச் சொல்லுங்க. அரசாங்க வேலைதானே, ஓடியா போயிடும்?”

அந்த வாதம் அவர்களுக்குப் பிடித்திருந்தது.

கால்நடை மருத்துவமனையின் சிகிச்சை அறையில் ஃபினாயில் வாசனையும் சாண வாசனையும் ஒன்றையொன்று ஜெயிக்கப் பார்த்தன. ஒரு நீள எஃகு மேசை, சுவரில் சுருட்டி மாட்டிய ரப்பர் குழாய், தரையில் எடை பார்க்கும் பலகை. மூலை பெஞ்சில் காதில் கட்டுப் போட்ட ஒரு கிழட்டு நாய். சுவரில் கொள்கை விளம்பரம்: ஒரு பசுவும் ஒரு குழந்தையும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே, ‘தேவையில்லாமல் ஒரு துளியும் வேண்டாம்’.

அரைக்கேஸ் டார்ச்சை எடுத்தான். பட்டப்பகல். இருந்தாலும் அடித்துப் பார்த்தான். மறுபடி தும்மல் வந்தது. குனிந்து தும்மினான், நிமிரும்போது மேசை விளிம்பில் தலை ‘ணங்’ என்று மோதியது. தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் மேசைக் காலுக்கு அடியில் அது தெரிந்தது. சின்னச் சிவப்பு மூடி.

“கண்டுபிடிச்சிட்டேன்!”

“தலையாலயா?” என்றாள் அண்ணி.

அவன் மூடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மாட்டு டாக்டரை நோக்கித் திரும்பினான். இந்த மாதிரிச் சமயத்தில் செய்ய வேண்டியது எல்லாம் அவனுக்குத் தெரியும்: ஒரு புருவத்தை உயர்த்தி, குரலைத் தாழ்த்தி. “அந்த நாய் யாருது டாக்டர்?”

“என்னுதுதான்.”

“வயசாயிடுச்சு. காதுல புண்ணு. கண்ணுக்கு எதிர்ல பெட்டி திறந்து கிடக்கு. சின்ன உடம்பு, ஒரு குப்பி போதும். பாசம் யாரை விட்டது? போட்டுட்டீங்க. சரிதானே?”

“இல்லைங்க,” என்றார் மாட்டு டாக்டர். பொய் சொல்கிற குரல் இல்லை. ஆனால் நிம்மதியான குரலும் இல்லை.

நாய் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரிந்து பெஞ்சை விட்டு இறங்கியது. சோம்பல் முறித்தது. நடந்து வந்து அரைக்கேஸ் முன்னால் நின்று அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சிமெண்ட் தரையில் தொப்பென்று உட்கார்ந்தது. வால் மட்டும் ஆடியது.

அண்ணி அதை உற்றுப் பார்த்தாள். “தம்பி, இது ஊசி போட்ட உடம்பு இல்ல.”

“எப்படிச் சொல்றீங்க?”

“போன மழைக்குக் காய்ச்சல்னு பின்பக்கம் ஒரு ஊசி போட்டுட்டு வந்தீங்களே. அன்னைக்குப் பூரா உட்கார்ந்தீங்களா? சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டே சாப்பிட்டீங்க. டிவி நின்னுக்கிட்டே பாத்தீங்க. பக்கத்து வீட்டுக்காரங்க நான் உங்களுக்கு உட்கார இடம் கொடுக்கலைன்னு பேசினாங்க. அது சின்ன ஊசி. இது எவ்வளவு சுகமா உட்கார்ந்திருக்கு பாருங்க.”

மேசைமேல் ஊசி போடும் டப்பா இருந்தது. பயன்படுத்தியது ஒன்றே ஒன்று கிடந்தது. அரைக்கேஸ் அதைப் பார்த்து ஒரு அடி பின்வாங்கினான். கோணி தைக்கிற ஊசிக்குத் தம்பி மாதிரி இருந்தது.

“இது யாருக்குப் போடறது?”

“எருமைக்கு,” என்றார் மாட்டு டாக்டர். “சின்ன ஊசி தீர்ந்துபோச்சு. வேணும்னு எழுதிக் கேட்டிருக்கேன், இன்னும் வரல.”

“இன்னைக்கு எருமை வந்துச்சா?”

மாட்டு டாக்டர் குழாயை இறுக்கித் திருகினார். அப்படியும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஒரு டாக்டர் தன் நோயாளியைப் பத்தி வெளியில சொல்லக்கூடாதுங்க,” என்றார் கடைசியில்.

“சொல்லுங்க, நாய் கோவிச்சுக்காது.”

“நான் நாயைச் சொல்லல.” மாட்டு டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “வேண்டாம்னு சொன்னேன். இது வலிக்கும்னு சொன்னேன். என்னைப் பனி மலை மேல இருக்கிற ஆட்டுப் பண்ணைக்கு மாத்திடுவேன்னாங்க. எனக்கு மூணு குழந்தைங்க. அதுக்கு மேல நான் எதுவும் சொல்லல, கவனிச்சுக்கோங்க.”

அரைக்கேஸ் நாயைப் பார்த்தான். நாய் உட்கார்ந்திருந்தது. மூளைக்குள் எங்கோ ஒரு நாற்காலி மெதுவாகச் சுழன்றது.

“அண்ணி, மேல நீங்க எதுல உட்கார்ந்தீங்க?”

“அந்தச் சுழல் நாற்காலியில. பாவம், அந்த அதிகாரி எந்திரிச்சு…” அண்ணியின் வாய் அப்படியே நின்றது.

“நம்ம வாழ்க்கையில எத்தனை அதிகாரிங்க நாற்காலியை விட்டுக் கொடுத்து நாம பாத்திருக்கோம்?”

“ரிட்டயர் ஆனாலே எந்திரிக்க மாட்டாங்களே தம்பி!”

வெந்நீர் ஜன்னல் திட்டில். உத்தரவுக் காகிதமும் ஜன்னல் திட்டில். அறைக்குள் நுழைந்த நேரத்திலிருந்து அந்த மனிதர் ஒரு முறைகூட உட்காரவில்லை. அரைக்கேஸ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். பார்த்துப் பெரிய மனிதரின் பண்பு என்று மெச்சியும் இருக்கிறான்.

வேன்காரர்கள் இரண்டாவது டீயை முடித்துக் கோப்பையை நசுக்கிக்கொண்டிருந்தார்கள். அவனும் அண்ணியும் மாடிப்படியில் ஏறி ஓடினார்கள். பாதிப் படியில் அரைக்கேஸுக்கு மூச்சு வாங்கியது. “பாதியில நிக்காதீங்க!” என்று அண்ணி முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

“எல்லாரும் உட்காருங்க,” என்றான் உள்ளே வந்ததும். “கண்டுபிடிச்சதைச் சொல்றேன்.”

பெரிய டாக்டர் உட்கார்ந்தார். சாவியக்கா உட்கார்ந்தார். பின்னாலேயே வந்த மாட்டு டாக்டர் கதவோரத்து நாற்காலியில் பாதி மட்டும் உட்கார்ந்தார். செயலர் ஜன்னலருகே நின்றார்.

“ஐயாவும் உட்காருங்க.”

“எனக்கு நின்னே பழக்கம்.”

“நீங்க நின்னா நாங்க எப்படிய்யா உட்கார்றது?” என்றார் பண்ணையம்மா. அவருக்கு எதுவும் தெரியாது, மரியாதைக்குத்தான் சொன்னார். சுழல் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு போய் அவருக்குப் பின்னால் வைத்தார். எல்லாக் கண்களும் அந்த நாற்காலி மேல். உட்காராமல் இருக்க இனி ஒரு காரணமும் மிச்சமில்லை.

செயலர் உட்கார்ந்தார். முதலில் கைப்பிடியைப் பற்றினார். பிறகு இடது பக்கத்தை மட்டும் இறக்கினார். வலது பக்கம் காற்றில் நின்றது. முகத்தில் மெல்ல ஒரு சிவப்பு ஏறியது; நெற்றியில் வேர்வை. அது பற்றாதென்று நாற்காலி ஒருமுறை சுழன்றது. அவர் வாயிலிருந்து, தொண்டை கட்டியிருந்தும், தெளிவாக ஒரு சத்தம் வந்தது.

பெரிய டாக்டர் கண்ணாடி துடைப்பதை நிறுத்தினார். “ஐயோ,” என்றார். “நீங்களா?”

அரைக்கேஸ் சிவப்பு மூடியை மேசையில் வைத்தான். “எருமை ஊசி,” என்றான். “சின்னது ஸ்டாக் இல்லையாம்.”

செயலரே பேசினார். “நாளைக்கு நான் வாசிக்கணும். ரெண்டு வருஷ உழைப்பு. குரல் வரலைன்னா வேற யாரோ வாசிப்பாங்க. அவங்க பேர்தான் நிக்கும். ஒரே ஒரு ஊசிதானே, இருக்கிறதுலயே பெரிய மருந்தைப் போட்டுக்கிட்டா…”

“தொண்டைக்கு இது வேலையே செய்யாதுங்க!” பெரிய டாக்டர் மேசையைத் தட்டினார். “உங்களுக்கு இருக்கிறது வெறும் சளி. உங்க கொள்கையிலேயே முதல் பக்கத்துல இருக்கு. நீங்கதானே எழுதினீங்க?”

“எழுதும்போது தொண்டை நல்லா இருந்துச்சு,” என்றார் செயலர்.

பண்ணையம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “என் கோழிங்க மூச்சு இழுத்துக்கிட்டு நின்னப்ப உங்ககிட்டதான் கேட்டேன்,” என்றார். குரல் உயரவில்லை. “முந்தியெல்லாம் தீவனத்துலயே மருந்தைக் கலந்துடுவோம். இப்ப கலக்கலாமான்னு கேட்டேன். வேணாம், தானா சரியாகும், பொறுத்துக்கோங்கன்னு சொன்னீங்க. பொறுத்தேன். தினமும் காலையில செத்ததைப் பொறுக்கி எடுத்துக் குழியில போட்டுட்டு, மிச்சத்துக்குத் தண்ணி வச்சேன். மருந்து ஒரு சொட்டு தொடல. ஒரு மாசம் நான் பொறுத்தேன்யா. நீங்க ஒரு நாள் பொறுக்கலியே.”

அந்த அறையில் யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அரைக்கேஸ் தன் சட்டைப்பையைப் பார்த்தான்.

கீழே வேன் ஹாரன் அடித்தது.

செயலர் நிமிர்ந்தார். அதிகாரி மறுபடி அவருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார். “இதெல்லாம் பேச்சு. குப்பி என் உடம்புல இருக்கா, கோழி உடம்புலயான்னு யார் நிரூபிக்கிறது? உத்தரவு உத்தரவுதான்.”

“நிரூபிக்கலாம்,” என்றார் பெரிய டாக்டர். “அதுவும் உங்க கொள்கையிலேயே இருக்கு. அனுமதியில்லாம மருந்து போட்ட உயிர், மனிதராயினும் கால்நடையாயினும், சோதனை முடியும்வரை தனி அறையில. சோதனை நடக்கும்போது வேற எந்த உயிரையும் அழிக்கக்கூடாது. நீங்க உள்ள போனா வேன் திரும்பிப் போகணும்.”

“அப்ப அடுத்த வரியையும் படிங்க. டாக்டர் எழுதித் தராத ஆன்டிபயாடிக்கைச் சாப்பிட்டவருக்கும் அதே விதி.” செயலரின் விரல் அரைக்கேஸ் பக்கம் நீண்டது. “பல்லு மாத்திரையைச் சளிக்குப் போடற இந்தத் துப்பறியும் மேதை முதல்ல போகட்டும். இவர் போனா நானும் போறேன். சோதனை முடிய ஒரு வாரமாவது ஆகும். எதையும் முழுசா முடிக்காத மனுஷன்னு இவர் பேரே சொல்லுது.”

அரைக்கேஸுக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நொடியில்தான். ஒரு அரைவேக்காட்டை இன்னொரு அரைவேக்காடு எவ்வளவு துல்லியமாக எடைபோடுகிறது! கிடங்கிலிருந்து டார்ச்சோடு நடந்து வந்த அந்த இரவு எவ்வளவு சுலபமாக இருந்தது என்று அவனுக்கு நினைவு வந்தது. கதவு திறந்துதான் இருந்தது. நடந்தால் போதும். இப்போதும் கதவு திறந்துதான் இருந்தது. வேன் இரண்டாவது தடவை ஹாரன் அடித்தது. பண்ணையம்மா அவனைக் கெஞ்சவில்லை. இந்த மாதிரி ஆட்களிடம் கேட்டுப் பழக்கமில்லாத முகத்தோடு சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“எந்த அறை?” என்றான் அரைக்கேஸ்.

தனி அறை தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கம்பி போட்ட ஜன்னல். அவன் முதலில் உள்ளே போனான். செயலர் நிலைப்படியில் தயங்கினார்; திரும்பிப் பார்த்தார். பின்னால் பெரிய டாக்டர், மாட்டு டாக்டர், சாவியக்கா, வாசல் முழுக்க. ஒரு காலை வைத்தார். வலிக்கிற காலை அப்புறம் இழுத்துக்கொண்டார்.

பண்ணையம்மா அங்கே இல்லை. படியில் அவர் இறங்கி ஓடுகிற சத்தம் கேட்டது. ஐம்பது வயதில், நல்ல சேலையில், அப்படி ஓடுவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அண்ணி வாசலில் கையை நீட்டினாள். “பட்டையைக் கொடுங்க.”

“ஒண்ணுதான் இருக்கு அண்ணி. மூக்கு அடைச்சா…”

“கொடுங்க தம்பி.”

கொடுத்தான். அவள் அதை மாத்திரையோடு சேர்த்து நசுக்கிப் பெரிய டாக்டரிடம் நீட்டினாள். பிறகு அவனை ஒரு நொடி பார்த்தாள். கேலி செய்ய ஏதோ தேடுகிற மாதிரி இருந்தது; கிடைக்கவில்லை போலிருக்கிறது. “சாப்பாடு கொண்டு வர்றேன்,” என்றாள். “இதை மட்டும் பாதியில விட முடியாது. வெளியிலதான் பூட்டு.”

செயலர் கட்டிலில் குப்புற விழுந்தார். தலையணைக்குள்ளிருந்து கரகரப்பாக வந்தது குரல்: “நாற்காலியை நீங்களே வச்சுக்கோங்க.”

அரைக்கேஸ் உட்கார்ந்தான். கீழே வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டான். பண்ணை இடது பக்கம். வேன் வலது பக்கம் திரும்பிப் போனது.

கதவு சாத்தப்பட்டது. முதலில் சாவியக்காவின் சாவி திரும்பியது. அப்புறம் பெரிய டாக்டருடையது.